சர்வர்ல எதை எங்க வைக்கிறது? அழிஞ்சா என்ன ஆகும்னு முதல்ல கேளுங்க

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டபடி ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. மாரத்தஹள்ளியில அஞ்சு பேர் சேர்ந்து நடத்துற கம்பெனி, கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணி அச்சடிச்சுக் குடுக்கிற வெப்சைட், ஒரே ஒரு உபுண்டு சர்வர், மூணு வருஷமா எல்லாமே /ஹோம்/உபுண்டு உள்ள கிடக்கு. கோட், பாஸ்வேர்ட் இருக்கிற பைல், கஸ்டமர் அனுப்புற போட்டோ, லாக், பழைய டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸை மொத்தமா ஒரு பைலா எடுத்து வெச்சது) எல்லாம் ஒரே எடத்துல. இப்ப புதுசா சேர்ந்த பையன் /ஆப்ட்ல வைக்கணும்ங்கிறான், நீங்க /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூனு நினைக்கிறீங்க, வேற யாரோ /எஸ்ஆர்வினு சொல்லியிருக்காங்க. எது சரி, இதுக்கு ஸ்டாண்டர்ட்னு ஒண்ணு இருக்கா, கஸ்டமர் தமிழ்ல பேர் வெச்சு அனுப்புற பைலை அப்படியே வெச்சுக்கலாமா, இதான் கேள்வி. ஆனா நீங்க கடைசியில போற போக்குல எழுதின ஒரு வரி இருக்கே, "டிஸ்க் நிறைஞ்சா எதை தைரியமா அழிக்கலாம்னு எனக்கே தெரியல"னு, அதுதான் மெயின் கேள்வினு எனக்குப் படுது. அதுக்குப் பதில் கிடைச்சா எந்த போல்டர்ங்கிறது தானா விழுந்துடும்.

நான் பெங்களூர்ல 19 வருஷமா இந்த வேலை பாக்குறேன், எஸ்பி ரோட்ல மெஷின் அசெம்பிள் பண்ற கடையில ஆரம்பிச்சு இப்ப சர்வர் பாத்துக்கிற வேலை. கை வெச்சதெல்லாம் டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் வகைதான், அதனால கீழ சொல்றது லினக்ஸுக்குத்தான் பொருந்தும். ப்ரீபிஎஸ்டியில நீங்க இன்ஸ்டால் பண்ற வெளி பேக்கேஜ் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ள போகும், அதோட செட்டிங்ஸ் கூட /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சியிலதான் இருக்கும், அது வேற வழக்கம். இதுல எது எழுதி வெச்ச விதி, எது என் பழக்கம்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் ஆபீஸ்ல பாதி சண்டை நடக்குது.

எங்க மாமா அல்சூர் மார்க்கெட் பக்கத்துல மளிகைக் கடை வெச்சிருந்தார். ஒரு மழைக்கு ராத்திரி தண்ணி கடைக்குள்ள வந்துடுச்சு, முட்டிக்குக் கீழ வரைக்கும். நாங்க எல்லாம் அரிசி மூட்டையைத் தூக்க ஓடினோம், அவர் நேரா கல்லாவுக்குப் போய் கடன் நோட்டை எடுத்து சட்டைக்குள்ள சொருகிட்டுதான் அப்புறம் மூட்டை பக்கமே வந்தார். அரிசி மண்டியில திரும்ப வாங்கிக்கலாம், யார் எவ்வளவு தரணும்ங்கிறது அந்த நோட்டை விட்டா வேற எங்கயும் கிடையாது. உங்க சர்வர்லயும் அப்படித்தான். கோடு கிட்ல (கோடோட ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கிற கருவி) இருக்கு, திரும்ப இறக்கிக்கலாம். பேக்கேஜ் எல்லாம் உபுண்டுல சாஃப்ட்வேர் இறக்கித் தர்ற ஏபிடி குடுத்துடும். போட்டோவைச் சின்னதாக்கி வெச்ச தம்ப்நெயில் திரும்ப உருவாகும். கஸ்டமர் அப்லோட் பண்ண ஒரிஜினல் போட்டோ, டேட்டாபேஸ், நீங்க கையால எழுதின செட்டிங்ஸ், இந்த மூணுதான் கடன் நோட்டு. இந்த மூணும் அரிசி மூட்டைக்கு நடுவுல கலந்து கிடக்கிறதாலதான் எதை அழிக்கிறதுன்னு உங்களுக்குப் பயமா இருக்கு.

இப்ப ஸ்டாண்டர்ட். இருக்கு. பைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட், சுருக்கமா எஃப்எச்எஸ். 1994 பிப்ரவரியில வேற பேர்ல முதல் பதிப்பு வந்துது, 2015 ஜூன்ல 3.0 வந்துது. அதைத் திறந்தா டைரக்டரி லிஸ்டுக்கு முன்னாடியே ஒரு விஷயம் சொல்லியிருப்பாங்க, பல பேர் அதைத் தாண்டிப் போயிடறாங்க: பைலை ரெண்டு கேள்வி கேட்டுப் பிரிக்கணும், இது பல மெஷின் பகிர்ந்துக்கக் கூடியதா இல்ல இந்த மெஷினுக்கு மட்டும் உரியதா, அட்மின் கை வைக்காம தானா மாறுமா மாறாதா. /யூஎஸ்ஆர் மாறாது, பகிரலாம். /எட்சி தானா மாறாது, ஆனா இந்த மெஷினோடது. /வார்ங்கிற பேரே மாறுறதுங்கிற அர்த்தத்துல வந்ததுதான். அந்த ரெண்டு கேள்வி மனசுல ஒட்டிக்கிட்டா முக்கால்வாசி போல்டர் மனப்பாடம் பண்ணாமலே வந்துடும். டெர்மினல்ல மேன் கமாண்டுக்கு ஹையரார்க்கியோட முதல் நாலு எழுத்தைக் குடுங்க, உங்க சிஸ்டத்தோட சுருக்கமான விளக்கம் அங்கயே வரும், அந்தப் பக்கம் 1979ல வந்த யூனிக்ஸ் ஏழாவது பதிப்புலயே இருந்தது.

பேரை மட்டும் பார்த்து அர்த்தம் எடுத்துக்காதீங்க, அதுக்கு /யூஎஸ்ஆர் நல்ல உதாரணம். பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் எழுதின காலத்துல அது யூசர்களோட வீடு, கென்னோட பைல் /யூஎஸ்ஆர்/கென்ல இருந்தது. அப்ப டிஸ்கோட அளவே ஒண்ணு ரெண்டு எம்பிதான், ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கிற முதல் டிஸ்க்) நிறைஞ்சதும் கமாண்ட் எல்லாம் ரெண்டாவது டிஸ்க்குக்கு வழிஞ்சு /யூஎஸ்ஆர்/பின் வந்தது. அப்புறம் யூசர் வீடு /ஹோமுக்குப் போயிடுச்சு, புரோகிராம் மட்டும் அங்கயே தங்கிடுச்சு. /பின் எதுக்கு, /யூஎஸ்ஆர்/பின் எதுக்குனு பல வருஷம் காரணம் சொல்லிக்கிட்டு இருந்தோம், கடைசியில 2012ல ஃபெடோரா 17 ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு, டெபியனும் 2023ல வந்த 12லேர்ந்து ஒண்ணானதை மட்டும்தான் ஆதரிக்குது. உங்க உபுண்டுல /பின்னைப் பாருங்க, அது வெறும் சிம்லிங்க், அதாவது வேற எடத்தைக் கை காட்டற ஒரு குறிப்பு.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். /ஆப்ட் தனியா ஒரு மூட்டையா வர்ற சாஃப்ட்வேருக்கு. அதோட செட்டிங்ஸுக்கு /எட்சி/ஆப்ட், மாறுற டேட்டாவுக்கு /வார்/ஆப்ட்னும் ஸ்டாண்டர்ட்லயே இருக்கு. /எஸ்ஆர்வி இந்த மெஷின் வெளியில பரிமாறுற டேட்டாவுக்கு, ஆனா அதுக்குள்ள எப்படி அடுக்கணும்னு ஸ்டாண்டர்ட் வேணும்னே சொல்லாம விட்டிருக்கு, ஒருமித்த கருத்து இல்லன்னு அதுலயே எழுதியிருக்காங்க. /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ ஸ்டாண்டர்ட்லயே கிடையாது, அது டெபியன், ரெட் ஹேட் பேக்கேஜ்களோட வழக்கம், வழக்கம்ங்கிறதாலயே அதுக்கு ஒரு மதிப்பும் இருக்கு. ஆகவே உங்க மூணு பேர்ல யாரும் தப்பில்ல. /ஹோம்/உபுண்டு மட்டும்தான் உறுதியா வேண்டாம்னு சொல்வேன். அது ஒரு ஆளோட வீடு, சர்வீஸோட வீடு இல்ல.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி வைப்பேன், இது என் பழக்கம், ஆனா மேல சொன்ன விதி எதையும் மீறாது. ஆப்போட பேர் பந்தல்னு வெச்சுக்கோங்க. கோடு /ஆப்ட்/பந்தல்/ரிலீசஸ் உள்ள, ஒவ்வொரு டெப்ளாய்க்கும் (புதுக் கோடை சர்வர்ல ஏத்தறதுக்கும்) தேதி நேரம் போட்ட ஒரு போல்டர், வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள், 2025-06-14னு, அப்பத்தான் எல்எஸ் அடிச்சா வரிசையா நிக்கும், 14-06-2025னு போட்டா ஜூனும் ஜூலையும் பின்னிக்கிட்டு நிக்கும். கரன்ட்னு ஒரு சிம்லிங்க் எப்பவும் ஓடுற ரிலீஸைக் காட்டும். அதை மாத்தும்போது எல்என் கமாண்ட்ல நேரா மேல எழுதாதீங்க, அதோட பழைய பதிப்புகள் பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கும், நடுவுல ஒரு கணம் லிங்க்கே இருக்காது. வேற பேர்ல புது லிங்க் போட்டு எம்வி கமாண்டை பெரிய டி ஆப்ஷனோட அடிச்சு மேல நகர்த்துங்க, ஒரே அடியில மாறும். பாஸ்வேர்ட் பைல் /எட்சி/பந்தல்ல, ஓனர் ரூட் (அட்மின் யூசர்), குரூப் பந்தல், பர்மிஷன் 640, அதாவது ரூட் எழுதலாம், குரூப் படிக்க மட்டும் செய்யலாம், மத்தவங்களுக்கு எதுவும் கிடையாது. அப்லோட் /எஸ்ஆர்வி/பந்தல்/அப்லோட்ஸ், /வார்/லிப்/பந்தல்னு வெச்சாலும் தப்பே இல்ல, நான் /எஸ்ஆர்வி சொல்றது தனி டிஸ்க் மாட்டவும் கண்ணுல படவும் வசதினு மட்டும்தான். தம்ப்நெயில் /வார்/கேஷ்/பந்தல், லாக் /வார்/லாக்/பந்தல், சாக்கெட் (ஆப்பும் வெப் சர்வரும் பேசிக்கிற பைல்) /ரன்/பந்தல், அது மெமரியில இருக்கிறது, ரீபூட் ஆனா போயிடும், போகணும். டேட்டாபேஸை நீங்க தொடவே வேண்டாம், பேக்கேஜ் போட்ட /வார்/லிப்லயே இருக்கட்டும், ஆனா ஓடிக்கிட்டிருக்கும்போது அந்த போல்டரை அப்படியே காப்பி பண்ணிட்டு பேக்கப்னு நம்பாதீங்க, பாதி எழுதின நிலையில வரும். டம்ப் எடுத்து அந்த டம்பை பேக்கப் பண்ணுங்க.

இதுல ஒரு சின்ன வசதி, சர்வீஸ்களை ஓட்டற சிஸ்டம்டியோட சர்வீஸ் பைல்ல ஸ்டேட் டைரக்டரி, கேஷ் டைரக்டரி, லாக்ஸ் டைரக்டரி, ரன்டைம் டைரக்டரினு நாலு செட்டிங் இருக்கு, பந்தல்னு பேர் மட்டும் குடுத்தா போதும், அதுவே சரியான எடத்துல சரியான ஓனரோட போல்டரை உருவாக்கிடும். ஸ்டேட் குடுத்தா அது /வார்/லிப்லதான் வைக்கும், அதனால அந்த வழியில போனா /எஸ்ஆர்வியை விட்டுட்டு /வார்/லிப்புக்கே போங்க.

அப்லோடை ஏன் கோடை விட்டு வெளியில வைக்கணும்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, முன்னாடி வேலை பார்த்த ஒரு எடத்துல நான் எழுதின டெப்ளாய் ஸ்கிரிப்ட் கடைசி அஞ்சு ரிலீஸை மட்டும் வெச்சுக்கிட்டு பழசை அழிச்சுடும். அப்லோட் போல்டர் எப்பவும் வெளியில இருந்து சிம்லிங்க் ஆகி வரும். ஒரு நாள் அவசரத்துல டெப்ளாய் பண்ணும்போது அந்த லிங்க் போடற ஸ்டெப் பெயிலாச்சு, ஆப் என்ன பண்ணுச்சுன்னா போல்டர் இல்லயேன்னு தானே ஒண்ணு ரிலீஸுக்குள்ள உருவாக்கிக்கிட்டு அதுலயே எழுத ஆரம்பிச்சது. யாருக்கும் தெரியல, சைட் ஓடுச்சு. அடுத்த டெப்ளாய்லயே சில படம் காணோம்னு ரெண்டு புகார் வந்தது, பிரவுசர் கேஷா இருக்கும்னு விட்டுட்டேன், அஞ்சாவது டெப்ளாய் ஆனதும் அந்த ரிலீஸ் போயிடுச்சு, அதோட ஜனங்க ரெண்டு நாளா ஏத்தின பைலும். பேக்கப் லிஸ்ட்ல ரிலீசஸ் இல்ல, அது கோடுதானேன்னு நான்தான் எடுத்திருந்தேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி திரும்ப அனுப்பச் சொன்னோம். அதுலேர்ந்து ரெண்டு வேலை தவறாம பண்றேன்: கோட் டைரக்டரிக்கு ஓனர் ரூட், ஆப் ஓடுற யூசருக்கு அங்க எழுதற உரிமையே கிடையாது, எழுத முயற்சி பண்ணா உடனே எரர் வரணும். அப்புறம் ஆப்புக்கு அப்லோட் பாத்தை முழுசா செட்டிங்ஸ்ல குடுக்கறேன், சிம்லிங்கை நம்பறதில்ல.

பர்மிஷன் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க ஹோம் டைரக்டரிக்கே 777 குடுத்திருக்கிறதா எழுதியிருந்தீங்க. ஏன் குடுத்தீங்கனு புரியுது, உபுண்டு 21.04லேர்ந்து ஹோம் 750 ஆயிடுச்சு, எஞ்சினெக்ஸ்ங்கிற வெப் சர்வர் ஓடுற யூசரால உள்ள நுழைய முடியாது, அனுமதி இல்லன்னு 403 எரர் வரும், உடனே எல்லாரும் 777 அடிப்பாங்க. அதை இன்னிக்கே எடுங்க. யார் வேணா மாத்தலாம்ங்கிறது ஒரு பக்கம், ஹோம் அப்படித் திறந்து கிடந்தா எஸ்எஸ்எச் சர்வர் உங்க சாவியையே ஏத்துக்காது, அடுத்த தடவை லாகின் ஆக முடியாம வெளியில நிப்பீங்க, இப்ப ஓடிக்கிட்டு இருக்கிற செஷனை மூடறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. ரெண்டு மூணு பேர் சேர்ந்து எழுதற போல்டர்னா ஒரு குரூப் உருவாக்கி 2775 குடுங்க, அந்த முதல் 2 இருந்தா உள்ள உருவாகுற பைல் எல்லாம் அதே குரூப்லயே பொறக்கும், கூடவே புது பைலுக்குப் பர்மிஷன் தீர்மானிக்கிற யூமாஸ்க் 002னு இருக்கணும், இல்லன்னா குரூப் சரியா இருந்தும் எழுத முடியாது. நாளைக்கு ரெட் ஹேட் வகைக்கு மாறினீங்கன்னா இன்னொண்ணு, அங்க எஸ்இலினக்ஸ்ங்கிற கூடுதல் பாதுகாப்பு, பைல் இருக்கிற எடத்தை வெச்சு லேபிள் போடும், பர்மிஷன் எல்லாம் சரியா இருந்தும் வெப் சர்வர் படிக்க மாட்டேங்குதுன்னா பல நேரம் அதுதான். அதை மொத்தமா அணைக்காதீங்க, செமேனேஜ்ல பாத்தைச் சேர்த்துட்டு ரீஸ்டோர்கான் அடிங்க.

/டெம்ப்ல எதையும் நம்பி வைக்காதீங்க, இதுல சந்தேகமே இல்ல. சிஸ்டம்டியோட சொந்த டிபால்ட்படி /டெம்ப்ல 10 நாள், /வார்/டெம்ப்ல 30 நாள் தொடாத பைல் துடைக்கப்படும், ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூஷனும் இதை மாத்தி வெச்சிருக்கும். 2025ல வந்த டெபியன் 13ல /டெம்ப் டிபால்ட்டா மெமரியிலயே இருக்கு, அங்க பெரிய பிடிஎஃப் கொட்டினா ரேம்தான் போகும். அப்லோட் வர்றப்ப முதல்ல /டெம்ப்ல எழுதிட்டு முடிஞ்சதும் /எஸ்ஆர்விக்கு நகர்த்தற ஆப் நிறைய இருக்கு. ரெண்டும் ஒரே பைல்சிஸ்டம்னா நகர்த்தறது வெறும் பேர் மாத்தறது, கண் சிமிட்டற நேரம். வேற வேற டிஸ்க்னா அது காப்பி, பாதி காப்பியில இன்னொரு புரோகிராம் அந்த பைலைத் திறந்தா பாதிப் படம்தான் கிடைக்கும். அதனால அப்லோட்ஸுக்குப் பக்கத்துலயே இன்கமிங்னு ஒரு போல்டர் வெச்சு அங்க முதல்ல எழுத வைங்க.

அப்லோடுக்குத் தனி டிஸ்க் மாட்டறதா இருந்தா, மாட்டுங்க, லாக் பெருத்து ரூட் டிஸ்க் நிறைஞ்சாலும் கஸ்டமர் பைல் பாதிக்காது. ஆனா ஒரு நாள் ரீபூட்ல அந்த டிஸ்க் மவுண்ட் ஆகலன்னா (அந்த போல்டரோட வந்து இணையலன்னா) ஆப் அந்த வெறும் போல்டர்லயே எழுதும், அப்புறம் டிஸ்க் மவுண்ட் ஆனதும் எழுதினதெல்லாம் அடியில மறைஞ்சு போகும், இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த வெறும் போல்டர் மேல சிஹெச்அட்டர் கமாண்ட்ல பிளஸ் ஐ போட்டுடுங்க, யாராலயும் எழுத முடியாது.

தமிழ்ப் பேர் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்தது. லினக்ஸுக்கு பைல் பேர்ங்கிறது வெறும் பைட் வரிசை, ஸ்லாஷும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் வரலாம், அதனால தமிழ் தாராளமா வேலை செய்யும். ரெண்டு எடத்துல இடிக்கும். ஒரு பேருக்கு உச்சவரம்பு 255 பைட், எழுத்தை பைட்டா மாத்தற யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனியா கணக்கு. பத்திரிகைங்கிற அஞ்சு எழுத்துக்கு 27 பைட். ஆக மொத்தம் 85 குறிதான் இடம், "திருமதி அண்ட் திரு"ன்னு ரெண்டு வீட்டார் பேரும் மண்டபமும் போட்டு ஒரு கஸ்டமர் பேர் வெச்சா தாண்டிடும். ரெண்டாவது, கொ மாதிரி எழுத்துல க-வைச் சுத்தி வர்ற கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுனு ரெண்டு குறியாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், லினக்ஸுக்கு ரெண்டு வேற பைல். "இருக்கு ஆனா கிடைக்கல"ன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. அதனால கஸ்டமர் வெச்ச பேரை டேட்டாபேஸ்ல அப்படியே எழுதி வெச்சுக்கோங்க, டவுன்லோட் பண்றப்ப அந்தப் பேரையே காட்டுங்க, அது அவங்க வீட்டுக் கல்யாணம், அவங்க வெச்ச பேர் மாறக் கூடாது. டிஸ்க்ல மட்டும் நீங்க குடுக்கிற ஐடியில வைங்க. அந்த ஐடி ஹேஷ் (0-9, ஏ-எஃப் கலந்த நீளமான குறியீடு) மாதிரி இருந்தா முதல் ரெண்டு எழுத்துக்கு ஒரு போல்டர்னு 256ஆ பிரிச்சுடுங்க, கிட் தன் பைல்களை அப்படித்தான் வைக்குது. இன்னிக்கு இருக்கிற பைல்சிஸ்டம் ஒரே போல்டர்ல லட்சக்கணக்குல தாங்கும், ஆனா எல்எஸ்ஸும் பேக்கப்பும் மனுஷனும் திணறுவாங்க. இதுவும் பழக்கம்தான், சில ஆயிரம் பைல்னா தேவையே இல்ல.

மாத்தற வேலையை ஒரே ராத்திரியில முடிக்கப் பாக்காதீங்க. சைட் ஓடும்போதே ஆர்சிங்க்ங்கிற காப்பி கமாண்ட்ல புது எடத்துக்கு ஒரு காப்பி எடுங்க, ராத்திரி ஆர்டர் வராத நேரமா பார்த்து ஆப்பை நிறுத்தி இன்னொரு தடவை ஆர்சிங்க், ரெண்டாவது தடவை மாறினது மட்டும் போகும்ங்கிறதால சீக்கிரம் முடியும். /ஹோம்/உபுண்டுங்கிற பாத் எங்கெல்லாம் எழுதியிருக்குன்னு கோட்ல, எஞ்சினெக்ஸ்ல, கிரான்டேப்ல (நேரம் குறிச்சு ஓடற வேலைகளோட பட்டியல்) கிரெப் கமாண்ட்ல தேடுங்க, கிரான்டேப்தான் எல்லாருக்கும் மறந்து போகும். பழைய போல்டரை அழிக்காம பேர் மட்டும் மாத்தி வெச்சு ஒரு மாசம் விடுங்க, மாசக் கடைசி பில் ஓடற ஸ்கிரிப்ட் ஏதாவது தேடினா அப்ப தெரியும். பெரிய லாக் பைலை அழிச்சும் டிஸ்க்ல காலி எடம் கூடலன்னா பதறாதீங்க, ஏதோ புரோகிராம் அதை இன்னும் திறந்து வெச்சிருக்கு, அதை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் எடம் திரும்பும்.

எல்லாம் முடிஞ்சதும் அந்தப் புதுப் பையனுக்கு ஒரு காலி சர்வர் குடுங்க, கூட /எட்சி/பந்தல், அப்லோட்ஸ், டேட்டாபேஸ் டம்ப், கிட் முகவரி, இது நாலு மட்டும். சைட்டைத் திரும்ப ஓட வைக்கச் சொல்லுங்க. நடுவுல அவன் உங்ககிட்ட வந்து கேக்குற ஒவ்வொரு பைலையும் குறிச்சுக்கோங்க, அதெல்லாம் இன்னும் எடம் மாறணும். டேட்டாபேஸ் என்னன்னு நீங்க எழுதல, போஸ்ட்கிரெஸ்ஸா மைஎஸ்க்யூஎல்லான்னு சொன்னா டம்ப் எப்படி எடுக்கணும்னு எழுதறேன்.